தகரக் கூரைக்கும் அடித்தளம் வேண்டும்



இந்த இதழின் பாடம் ஒரு குழியைப் பற்றியது. வீட்டு முற்றத்தில் ஷீட் கூரை போடும்போது, அதன் கால்களை நட நாம் தோண்டும் குழி. இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது, ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் வரை.

தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரிக்கு, வீட்டு முற்றத்தில் 10 அடிக்கு 20 அடி அளவில் கூரை போட நம் அறக்கட்டளையிலிருந்து உதவினோம். கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் அவர் உழைப்பை நம்பி இருக்கிறார்கள். வீட்டுக்குள் இடம் போதவில்லை. வெளியே நிழல் இருந்தால் இரண்டு மெஷின் போடலாம், வேலைக்கு இன்னொரு பெண்ணையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல கனமான குழாய், நல்ல ஷீட், சுத்தமான வெல்டிங் என்று பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்தோம்.

கால் நட்ட அன்று எங்களில் ஒருவர் போயிருந்தார். குழி ஒரு சாண் சதுரம், ஓர் அடி ஆழம். "இது போதுமா?" என்று கேட்டதற்கு, "பாய், தகரம்தானே? இதுக்கு என்ன கனம் வந்துரப் போகுது?" என்றார் கூரை போட்டவர். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம்.

எட்டு மாதம் கழித்துக் கோடை மழைக்கு முன் காற்று அடித்தது. புயல் எச்சரிக்கை எதுவும் இல்லை. கால் மணி நேரம்தான் நீடித்தது. கூரை முழுசாக எழும்பி, மதிலைத் தாண்டி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. மதரஸா விட்டுப் பிள்ளைகள் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். அன்று அவர்கள் போய்ச் சிறிது நேரம் ஆகியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் அடியில்லை. இரண்டு மெஷின்களும் மழையில் நனைந்தன.

மறுநாள் போய்ப் பார்த்தோம். குழாய் ஒன்றுகூட முறியவில்லை. வெல்டிங் ஒன்றுகூட விடவில்லை. ஆறு கால்களும் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு போல, நுனியில் ஆளுக்கொரு சிமெண்ட் கட்டியோடு கிடந்தன. "காக்கா, கூரை கெட்டியாத்தானே இருந்துச்சு, அப்புறம் ஏன் போச்சு?" என்று அந்தச் சகோதரி கேட்டார். பதில் சொல்ல அன்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு ஜமாஅத்தில் உள்ள ஒரு பொறியாளரிடமும், அனுபவப்பட்ட இரண்டு கொத்தனார்களிடமும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

காற்று எந்தப் பக்கம் தள்ளும்?

வீட்டுக்கு அடித்தளம் போடுவது சுவரும் தளமும் மண்ணில் இறங்கிவிடாமல் தாங்குவதற்கு. அந்த நினைப்பிலேயே ஷீட் கூரையையும் பார்க்கிறோம். கனமில்லாத கூரைக்குச் சின்னக் குழி போதும் என்று முடிவு செய்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு பக்கமும் திறந்த கூரைக்கு ஆபத்து மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து வருவதே அதிகம். மழையில் குடை பிடித்துப் போகும்போது காற்று அடித்தால் குடை என்ன ஆகிறது? கையை விட்டு மேலே பறக்கப் பார்க்கிறது. கூரையின் அடியில் புகுந்த காற்று மேல்நோக்கித் தள்ளும். கூரையின் மேலே வேகமாகப் போகும் காற்று, ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சும். இரண்டும் ஒரே பக்கம் வேலை செய்யும். ஒரு பக்கம் வீட்டுச் சுவரோ மதிலோ இருந்தால், உள்ளே புகுந்த காற்று போக வழியில்லாமல் இன்னும் பலமாகத் தூக்கும். நம் முற்றத்துக் கூரைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.

ஆகவே, ஷீட் கூரையின் அடித்தளம் முதலில் ஒரு நங்கூரம். கூரை எவ்வளவு லேசாக இருக்கிறதோ, அவ்வளவு கனமாக அடித்தளம் இருக்க வேண்டும். கூரை போட்டவர் சொன்னதற்கு நேர் எதிரான கணக்கு இது.

எத்தனை கிலோ தூக்கும்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். ஒரு சதுர அடிக் கூரையில் விழும் அழுத்தத்தைத் தோராயமாகச் சொன்னால் இப்படி:

மணிக்கு 60 கி.மீ. காற்றில் சுமார் 1.6 கிலோ.
100 கி.மீ. காற்றில் சுமார் 4.4 கிலோ.
120 கி.மீ. காற்றில் சுமார் 6.3 கிலோ.
150 கி.மீ. காற்றில் சுமார் 9.9 கிலோ.

இந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கித் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். நம் சகோதரியின் கூரை 200 சதுர அடி. 120 கி.மீ. காற்றில் மொத்தம் 1,260 கிலோ மேலே இழுக்கும். இது ஆறு கால்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் நிற்கும் கால்களில், நடுக்கால் ஒவ்வொன்றும் 50 சதுர அடிக் கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூலைக்கால் 25 சதுர அடியைத்தான். அதாவது நடுக்காலை மட்டும் 315 கிலோ பிடுங்கும்.

அதை எதிர்த்துப் பிடிக்க அங்கே என்ன இருந்தது? ஒரு கன அடி கான்கிரீட் சுமார் 68 கிலோ. ஒரு சாண் சதுரம், ஓர் அடி ஆழம் உள்ள குழியில் அரை கன அடிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். 40 கிலோகூட வராது. அதோடு அந்தக் கால் தாங்கும் ஷீட், குழாய்களின் எடை 50 கிலோ என்று சேர்த்தாலும் 90 கிலோவுக்குள்தான். மணிக்கு 65 கி.மீ. காற்றே அதைத் தூக்கிவிடும். ஆறு குழிக்கும் சேர்த்துப் போன சிமெண்ட் ஒரு மூட்டைதான் என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஷீட்டுக்கும் குழாய்க்கும் அத்தனை செலவு செய்தவர்கள், அதைப் பிடித்து வைக்க ஒரே ஒரு மூட்டையை ஒதுக்கியிருக்கிறோம்!

எவ்வளவு காற்றுக்குத் தயாராக வேண்டும்? கட்டடங்களுக்கான காற்று வேகத்தை இந்தியத் தரநிலை 875, மூன்றாம் பகுதி சொல்கிறது. மதுரை, கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டர். அதாவது மணிக்கு 140 கி.மீ. திருச்சிக்கு 47 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கி.மீ. இவை திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கானவை. தெருவுக்குள், வீடுகளுக்கு நடுவே, தாழ்வான கூரையில் வேகம் குறையும். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலைப் பார்த்த நம் டெல்டா மக்களுக்கு, காற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடமும் மண்ணும்

குழி தோண்டும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் தலைக்கு மேல். மின்கம்பி போகும் இடத்துக்குக் கீழோ, பக்கத்திலோ இரும்புக் கூரை வேண்டாம். சந்தேகம் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது காலுக்குக் கீழ். கழிவுநீர்த் தொட்டி, உறைகிணறு, தண்ணீர்க் குழாய், மண்ணுக்குள் போகும் மின்வயர் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி மண் எப்போதும் நெகிழ்ந்துதான் இருக்கும்.

மூன்றாவது அண்டை வீடு. மதிலை ஒட்டிக் குழி தோண்டி, அதன் அடித்தளத்துக்குக் கீழே போய்விட்டால் மதில் சாயும். மதிலிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளித் தோண்டுங்கள். கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழாதபடி சரிவைத் திருப்புங்கள். அண்டை வீட்டாரின் உரிமை இங்கிருந்தே தொடங்குகிறது.

நான்காவது மண். செம்மண்ணும் சரளையும் நல்ல பிடிப்புத் தரும். வீடு கட்டும்போது கொட்டி நிரவிய மண்ணாக இருந்தால், அதைத் தாண்டி இயற்கையான கெட்டி மண் வரும் வரை தோண்ட வேண்டும். கடலோர மணலில் குழியின் ஓரம் சரிந்துகொண்டே இருக்கும், பிடிப்பும் குறைவு. அங்கே அடித்தளத்தின் சொந்தக் கனத்தை மட்டும்தான் நம்ப முடியும்.

கரிசல் மண் தனிக் கதை. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆழமில்லாத அடித்தளத்தை ஒவ்வொரு வருடமும் சிறிது சிறிதாக மேலே தள்ளிவிடும். கோடையில் வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறதோ, அதற்கும் கீழே அடித்தளத்தின் அடி இருக்க வேண்டும். இந்த மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு முறையை வளர்த்தெடுத்தது: ஒடுங்கிய ஆழமான குழியின் அடியில் மட்டும் குடம் போல அகலமாகக் குடைந்து கான்கிரீட் நிரப்புவது. அந்தக் குடம், குழியின் அகலத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு இருக்கும். மேலே இழுத்தாலும் குடம் மண்ணில் மாட்டிக்கொண்டு வராது. கரிசல் பகுதியில் உள்ள சொந்தங்கள் இந்த வேலை தெரிந்தவரைக் கேட்டுச் செய்வது நல்லது.

குழி

10 அடிக்கு 20 அடி, ஆறு கால் கூரைக்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட அளவைத் தருகிறோம்.

கால்கள் நிற்கும் இடங்களை முதலில் கயிறு கட்டிக் குறியுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை சரி.

குழி 2 அடி சதுரம், இரண்டரை அடி ஆழம். வாய் அகலமாகவும் அடி ஒடுக்கமாகவும் தோண்டிவிடாதீர்கள். அப்படிப்பட்ட கட்டி ஆப்பு போன்றது, சுலபமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். ஓரம் நேராக இருக்கட்டும். அடியில் சற்று அகன்றால் இன்னும் நல்லது. அடியில் இளகிய மண்ணை வழித்து எடுத்துவிட்டு, 3 அங்குலம் ஜல்லி போட்டு நன்றாக இடியுங்கள்.

அதன்மேல் குழி முழுவதும் ஒன்றரை அடி கனத்துக்குக் கான்கிரீட். அதற்கு மேலே, குழாயைச் சுற்றி ஓர் அடி சதுரத்தில் ஒரு கழுத்து. அது தரைக்கு மேல் அரை அடி எழும்பி நிற்கட்டும். கழுத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, நனைத்து, இடித்து நிரப்புங்கள். அந்த மண்ணும் அகன்ற அடிப்பாகத்தின் மேல் உட்கார்ந்து அதை அழுத்திப் பிடிக்கும்.

இப்படிச் செய்தால் ஒரு காலுக்குக் கான்கிரீட் ஏழே கால் கன அடி. எடை சுமார் 490 கிலோ. மேலே உட்காரும் மண் இன்னும் 100 கிலோ. இதற்கு முன் இருந்தது 40 கிலோ!

"315 கிலோ பிடுங்கும் இடத்தில் 590 கிலோ எதற்கு?" என்று நாங்களும் கேட்டோம். பொறியாளர் சொன்ன பதிலை மறக்க முடியாது. புயல் தனியாக வராது, மழையோடுதான் வரும். முற்றத்தில் தண்ணீர் தேங்கி மண் ஊறிவிட்டால், தண்ணீருக்குள் இருக்கும் கான்கிரீட் ஒரு கன அடிக்கு 28 கிலோ எடையை இழந்துவிடும். கிணற்றுக்குள் குடம் லேசாக இருப்பதும், மேலே வந்ததும் கனப்பதும் இதனால்தான். மண்ணுக்கும் இதே கதிதான். அன்றைக்கு நம் 590 கிலோ, சுமார் 360 கிலோவாகத்தான் வேலை செய்யும். எஞ்சியிருப்பது அந்த 315 கிலோவைவிடச் சற்றே அதிகம். கடலைப் பார்த்த திறந்தவெளி, பெரிய கூரை, உயரமான கால்கள் என்றால் இந்த அளவும் போதாது. அதற்குப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

தோண்டிய குழியை இரவில் அப்படியே விட்டுவிட வேண்டாம். பலகையோ தகரமோ போட்டு மூடுங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றம் அது.

குழாய்

வழவழப்பான குழாயை அப்படியே கான்கிரீட்டில் நட்டால், கட்டி மண்ணில் இருக்க, குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரலாம். குழாயின் அடியில் 12 மி.மீ. கம்பித் துண்டுகள் இரண்டை, ஓர் அடி நீளத்துக்கு, கூட்டல் குறி போலக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்யுங்கள். மண்ணுக்குள் போகும் பகுதிக்குப் பெயின்ட் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள். கான்கிரீட் இரும்பை நேராகப் பிடிக்கட்டும்.

குழாயின் அடி மண்ணில் படக் கூடாது. அதற்குக் கீழே 3 அங்குலமாவது கான்கிரீட் இருக்க வேண்டும். கருங்கல் துண்டை வைத்து அதன்மேல் நிறுத்தலாம். செங்கல் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும்.

இரும்பு முதலில் துருப்பிடிப்பது தரைமட்டத்தில்தான். கழுத்தைத் தரைக்கு மேல் அரை அடி எழுப்பச் சொன்னதன் காரணம் அது. கழுத்தின் தலையை நான்கு பக்கமும் சரிவாகப் பூசுங்கள். தண்ணீர் குழாயின் ஓரத்தில் தங்காது. குழாய் கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் அரை அடி உயரத்துக்கு ரெட் ஆக்ஸைடும், அதன்மேல் இரண்டு பூச்சு பெயின்டும் அடியுங்கள். குழாயின் மேல்வாயைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கி, வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே இருக்கும்.

கலவை

ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. பாண்டு கணக்கில் அளந்து போடச் சொல்லுங்கள். மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். ஆறு கால்களுக்கும் சேர்த்துச் சுமார் 10 மூட்டை சிமெண்ட், 20 கன அடி மணல் அல்லது எம்-சாண்ட், 40 கன அடி ஜல்லி ஆகும்.

தண்ணீர்தான் பலர் தவறும் இடம். 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறையும். கலவை கஞ்சி போல ஓடினால் வேலை சுலபம். காய்ந்த பிறகு பலம் இருக்காது. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும்.

கடலோர ஊர்களில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை எடுக்காதீர்கள். உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரிலும் குழைக்காதீர்கள். அந்த உப்பு இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும். குடிக்கத் தகுந்த தண்ணீரே கலவைக்கும் தகுந்தது.

ஊற்றுவதும் நனைப்பதும்

குழியில் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டு ஊற்றுங்கள். ஓரங்களை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த மண் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அரை அடி போட்டதும் கம்பியால் நன்றாகக் குத்தி, காற்றை வெளியேற்றி, பிறகு அடுத்த அரை அடி. ஒரு காலின் அடிப்பாகத்தை ஒரே நேரத்தில் முடியுங்கள். பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் ஊற்றினால் நடுவே ஒட்டாமல் பிரியும். குழாய்க்குள்ளேயும் கழுத்தின் மட்டத்துக்கு மேல் வரை கலவையை இறக்கிவிடுங்கள்.

தூக்குக் குண்டு வைத்து இரண்டு பக்கமும் நேர் பார்த்து, குழாயை மூன்று பக்கம் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஊற்றிய பிறகு யாரும் அதைப் பிடித்து ஆட்டக் கூடாது.

மறுநாளிலிருந்து நனைக்க வேண்டும். கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி வகைச் சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள், நல்ல வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் போதும். வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை இது, செலவும் இல்லை. ஊற்றிய மறுநாளே மேலே வெல்டிங் செய்ய ஆள் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒரு வாரமாவது போகட்டும். முழுப் பலம் வர 28 நாள் ஆகும்.

மேலே உள்ள பிணைப்புகள்

அடித்தளம் மட்டும் உறுதியாக இருந்து, ஷீட் கழன்று பறந்தாலும் ஆபத்துதான். ஷீட்டைக் குறுக்குச் சட்டத்தோடு பிடிக்கும் திருகு, சட்டத்தைக் காலோடு பிடிக்கும் வெல்டிங், காலை மண்ணோடு பிடிக்கும் அடித்தளம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலி. காற்று முதலில் பிடித்து இழுப்பது கூரையின் ஓரங்களையும் மூலைகளையும்தான். அங்கே திருகுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ரப்பர் வாஷர் இல்லாத திருகு வேண்டாம்.

மொட்டை மாடியில் கூரை போடுபவர்களுக்குக் குழி தோண்ட வழியில்லை. அங்கே காற்றும் அதிகம். கைப்பிடிச் சுவரில் காலைக் கட்டி நிறுத்துவது மிகத் தவறு. அந்தச் சுவர் இழுவிசை தாங்கக் கட்டப்பட்டதல்ல. வீட்டின் தூண்களும் உத்திரங்களும் வரும் இடங்களில் மட்டும், இரும்புத் தட்டு வைத்து போல்ட்டால் இறுக்க வேண்டும். இதை வீட்டைக் கட்டியவரையோ பொறியாளரையோ கேட்காமல் செய்யாதீர்கள்.

கூலி கொடுக்கும் முன்

வீட்டில் யாராவது ஒருவர் கையில் அளவு டேப்போடு நின்று இவற்றைப் பாருங்கள். படித்தவராக இருக்க வேண்டியதில்லை.

1. கலவை விழும் முன் குழியின் அகலமும் ஆழமும் அளந்தாயிற்றா?
2. அடியில் கெட்டி மண் தெரிகிறதா?
3. குழாயின் அடியில் குறுக்குக் கம்பி வெல்டிங் ஆகியிருக்கிறதா?
4. குழாயின் கீழே 3 அங்குல இடைவெளி இருக்கிறதா?
5. கலவையைப் பாண்டில் அளக்கிறார்களா, தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்களா?
6. எத்தனை மூட்டை சிமெண்ட் போயிற்று? காலி மூட்டைகளை எண்ணுங்கள்.
7. கழுத்து தரைக்கு மேல் அரை அடி நிற்கிறதா?
8. நனைப்பது யார் பொறுப்பு என்று வீட்டில் பேசியாயிற்றா?

மண்ணால் மூடிய பிறகு இவற்றில் எதையும் பார்க்க முடியாது. ஷீட்டின் நிறத்தையும் பெயின்டின் பளபளப்பையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். குழியைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் உண்டு.

ஏற்கெனவே கூரை போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு காலின் ஓரத்தில் மட்டும் மண்ணை விலக்கிப் பாருங்கள். கட்டி சிறிதாக இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு கால் என்று முட்டுக் கொடுத்து, பழைய கட்டியைச் சுற்றிலும் கீழேயும் தோண்டி, குழாயில் குறுக்குக் கம்பி வைத்து, புதுக் கான்கிரீட்டால் பெரிதாக்கலாம். ஐப்பசி மழை தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

அந்தச் சகோதரியின் கூரையை மீண்டும் போட்டோம். எதிர்வீட்டுத் தொட்டிக்கும் அறக்கட்டளையே பொறுப்பேற்றது. தவறு எங்களுடையது, காசு கொடுத்தோம், குழியைப் பார்க்கவில்லை. மக்கள் நம்பித் தந்த தொகை அது. அதை மண்ணுக்குள் சரியாக இறக்குவதும் அந்த அமானிதத்தில் சேர்ந்தது என்று அன்று புரிந்தது.

அதனால் இப்போது ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். கூரைக்கான உதவியை இரண்டு தவணையாகத் தருகிறோம். முதல் தவணை அடித்தளத்துக்கு மட்டும். கலவை விழும் முன் எங்களில் ஒருவர் வந்து குழியில் டேப்பை இறக்கிப் பார்ப்பார். அதன் பிறகுதான் ஷீட்டுக்கான தொகை. சிலருக்கு இது தாமதமாகத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்தச் செலவில் கூரை போடும் குடும்பங்களும் கூப்பிட்டால் வந்து பார்க்கத் தயாராக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்த முற்றத்தில் இப்போது மூன்று மெஷின்கள் ஓடுகின்றன. சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு காற்று பலமாக அடித்தது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு போய்ப் பார்த்தோம். முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கூரை அப்படியே நின்றது.